புற்றுநோயரின் உளநலப் பேணலும் 'இளிவரல்' என்னும் மெய்ப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

புற்றுநோய்ச் சிகிச்சையில் உடலுக்குரிய கவனிப்பு வளர்ந்த அளவிற்கு உள்ளத்திற்குரிய கவனிப்பு வளரவில்லை. நோயாளியின் உளத்துயரைக் கண்டறிய இன்று பரவலாகப் பயன்படும் அளவுகோல்கள் ஆங்கிலத்தில் உருவானவை. பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றையே மையமாகக் கொண்டவை. தமிழ்ச் சூழலில் நோயாளி தம் துயரைச் சொல்லும் சொற்களோ பெரும்பாலும் வேறு வகையின. பிறருக்குப் பாரமாதல், பிறர் முன் தாழ்தல், தம் உடலைத் தாமே வெறுத்தல் ஆகியவற்றை அவை சுட்டுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பிணியை அச்சத்திற்கன்றி இளிவரலுக்கு நிலைக்களனாகக் கூறுகின்றது. அப்பகுப்பைச் சொல்வளமாகக் கொண்டு, உளப் புற்றுநோயியலின் அடிப்படைகளையும், தமிழில் உளத்துயரைக் கேட்டறிவதில் உள்ள இடர்ப்பாடுகளையும், பேணும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: உளப் புற்றுநோயியல், உளத்துயர், மெய்ப்பாடு, இளிவரல், நோய் ஆதரவுச் சிகிச்சை, பேணுவோர்.

முன்னுரை

உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரத் தொகுப்பான குளோபோகானின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகின்றது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியவற்றுள் எது ஏற்றது என்பதை முடிவு செய்யும் முறைகள் மருத்துவத்தில் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளன. இவர்களுள் யார் இரவில் உறங்காமல் விழித்திருக்கிறார், யார் மருந்தை நிறுத்திவிட எண்ணுகிறார், யார் வீட்டாரின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார் என்பதை அறிவதற்கான முறையோ பல மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வரவில்லை.

நோயுற்றவர் வருந்துவது இயல்புதானே, அதற்கெனத் தனிக் கவனிப்பு எதற்கு என்னும் வினா இங்கு எழலாம். வருத்தம் இயல்பானது என்பதாலேயே அது கவனிப்பாரின்றி விடப்படுகின்றது. இயல்பான வருத்தத்திற்கும் சிகிச்சை வேண்டும் உளநோய்க்கும் இடையிலான எல்லையை அறிய முதலில் நோயாளியைக் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சொல் வேண்டும். இக்கட்டுரையின் அக்கறை அச்சொல்லைப் பற்றியது.

1. உளப் புற்றுநோயியலின் தோற்றம்

புற்றுநோயாளியின் உளநலத்தை ஆராயும் துறை உளப் புற்றுநோயியல் எனப்படும். இதன் முன்னோடியாகக் கருதப்படுபவர் அமெரிக்க உளமருத்துவர் ஜிம்மி ஹாலந்து (1928–2017). நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 1977இல் அவர் உளமருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 1984இல் பன்னாட்டு உளப் புற்றுநோயியல் கழகம் நிறுவப்பட்டது. நோய் உள்ளத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும், உள்ளத்தின் நிலையும் நடத்தையும் நோயின் போக்கோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதையும் இத்துறை ஆராய்கின்றது.

இதற்கு முன்பே இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் 'முழுமை வலி' என்னும் கருத்தை முன்வைத்திருந்தார். வலி என்பது உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் பின்னிய அனுபவம் என்பது அவர் கருத்து. 1967இல் இலண்டனில் அவர் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் இன்றைய நோய் ஆதரவுச் சிகிச்சைக்கு வித்திட்டது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு 1999இல் இத்துறைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் 'உளநோய்' போன்ற சொற்களைத் தவிர்த்து, 'துயர்' என்று பொருள்படும் பொதுச்சொல்லை அக்குழு வேண்டுமென்றே தேர்ந்துகொண்டது. உளமருத்துவம் சார்ந்த சொல்லைக் கேட்டதும் நோயாளி கூசி விலகுகிறார். துயர் உண்டா என்று கேட்டால் விடை சொல்கிறார் என்பதே அத்தேர்வின் காரணம். உளநலப் பேணலில் ஒரு சொல்லின் தேர்வே மருத்துவ முடிவாக அமையும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

2. துயரின் அளவும் வகைகளும்

மிட்செல் முதலானோர் 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. நேர்காணல் வழி நிகழ்த்தப்பட்ட 94 ஆய்வுகளை அவர்கள் தொகுத்து நோக்கினர். புற்றுநோய் மருத்துவமனைகளில் உள்ளோருள் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும், 19 விழுக்காட்டினருக்குத் தகவமைவுக் கோளாறும், 10 விழுக்காட்டினருக்குப் பதற்றக் கோளாறும் இருப்பதாக அத்தொகுப்பாய்வு காட்டியது. இவற்றுள் ஏதேனும் ஒன்றோ பலவோ உடையோர் 38 விழுக்காட்டினர். இவ்வெண்களிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறலாம். புற்றுநோயுற்ற அனைவரும் உளநோய்க்கு ஆளாவதில்லை என்பது ஒன்று. பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வருக்கு வெறும் ஆறுதல் மொழி போதாது என்பது மற்றொன்று.

இந்நால்வரைக் கண்டறிவதில் இடர் உண்டு. மனச்சோர்வின் அறிகுறிகளாகிய பசியின்மை, உறக்கமின்மை, உடல் தளர்ச்சி, எடைக்குறைவு ஆகியன புற்றுநோயாலும் கீமோதெரபியாலும் தோன்றுவன. ஆகவே இவ்வறிகுறிகளைக் கொண்டு மட்டும் மனச்சோர்வை உறுதிசெய்ய இயலாது. எதிலும் மகிழ்ச்சி கொள்ள இயலாமை, தாம் பயனற்றவர் என்னும் எண்ணம், குற்றவுணர்வு, நம்பிக்கையிழப்பு ஆகிய உள்ளம் சார்ந்த குறிகளே இங்கு நம்பத்தக்கன.

உடற்காரணங்களையும் மறத்தல் ஆகாது. வாந்தியைத் தடுக்கவும் வீக்கத்தைக் குறைக்கவும் தரப்படும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் உறக்கத்தைக் கெடுத்து மனநிலையை மாற்ற வல்லவை. தீராத வலி ஒருவரை மனச்சோர்வுற்றவர் போலத் தோன்றச் செய்யும். முதிர்ந்த நோய்நிலையில் ஒருவர் பேச்சடங்கி ஒடுங்கிக் கிடப்பது மனச்சோர்வாக இல்லாமல், தொற்றாலோ உப்புச்சத்து மாறுபாட்டாலோ நேர்ந்த மூளைக்குழப்ப நிலையாகவும் இருக்கலாம். ஆதலால் உளத்துயரை ஆராய்வதன் முதற்படி, வலி முதலிய உடற்காரணங்களைத் தேடித் தீர்ப்பதே.

3. பிணியும் இளிவரலும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுவதற்குரிய நிலைக்களன்கள் நான்கினையும் தருகின்றது. அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன நிலைக்களன்கள். இப்பட்டியலில் பிணி இல்லை. பிணி இடம்பெறுவது இளிவரலில்; மூப்பு, வருத்தம், மென்மை ஆகியன அதனுடன் நிற்கின்றன. இளிவரல் என்பது இழிவுணர்வு; தன்னைத் தாழ்ந்தவனாகக் காணுதலும் பிறரால் தாழ்வாகக் காணப்படுதலும் அதனுள் அடங்கும்.

அழுகைக்குரிய நிலைக்களன்களும் இங்கு நோக்கத்தக்கவை. அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. அசைவு என்பதைப் பழைய நிலைமை கெட்டு வேறு நிலை எய்தி வருந்துதல் என உரை விளக்கும். இந்நான்கனையும் இன்றைய புற்றுநோயாளியின் வாழ்வோடு பொருத்திக் காண்பது எளிது. முடி உதிர்ந்த தலையைப் பிறர் உற்று நோக்குவது இளிவு. மார்பகத்தையோ குரல்வளையையோ கருப்பையையோ அறுவைக்குக் கொடுப்பது இழவு. நேற்றுவரை வீட்டைத் தாங்கியவர் இன்று குளியலறைக்குச் செல்லப் பிறர் கையைப் பற்றுவது அசைவு. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் சிகிச்சையைத் தொடர்வது வறுமை.

தொல்காப்பியம் செய்யுளில் உணர்ச்சி புலப்படும் முறையை வகுக்கும் இலக்கண நூல். அதனை மருத்துவ நூலாகக் கொள்வதோ, இன்றைய உளவியலை அது முன்னரே கூறிவிட்டது என்பதோ பொருந்தாது. பிணியுற்றோரின் துயரை அச்சத்திலிருந்து பிரித்து அறியும் நுண்சொல் ஒன்று தமிழில் உண்டு என்பதே இங்குக் கொள்ளத்தக்கது. 'எல்லாருக்கும் பாரமாப் போயிட்டேன்', 'என்னால எல்லாருக்கும் சிரமம்', 'இப்படிக் கிடக்குறதுக்குப் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை' என்னும் கூற்றுகள் தமிழ் வீடுகளில் கேட்கப்படுவன. இவை சாவைக் கண்டு அஞ்சுவோரின் கூற்றுகள் அல்ல, இளிவரலின் கூற்றுகள். 'பயமாக இருக்கிறதா?' என்று கேட்கும் மருத்துவரிடம் இந்நோயாளி 'பயமெல்லாம் இல்லை' என்று உண்மையையே கூறுவார். துயர் இல்லை என்று மருத்துவர் குறித்துக்கொள்வார். பெருந்துயரில் இருக்கும் ஒருவர் இவ்வாறு கணக்கிலிருந்து விடுபட்டுப் போகின்றார்.

கனடாவின் மானிட்டோபாவைச் சார்ந்த உளமருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இறுதிநிலை நோயாளிகளிடையே நிகழ்த்திய ஆய்வுகள் இத்துடன் ஒப்பிடத்தக்கன. பிறருக்குச் சுமையாகிவிட்டோம் என்னும் எண்ணத்தையும் மதிப்பிழந்தோம் என்னும் எண்ணத்தையும் அவர் தனித்த துயர்களாக இனங்கண்டார். மாண்பு என்பதை மையமாக வைத்து அவர் ஒரு பேணல் முறையையே உருவாக்கினார். அது பின்னர் விளக்கப்படும்.

4. வினாக்களின் தமிழ்

உளத்துயரை அறியப் பயன்படும் கருவிகளுள் இரண்டினை இங்குக் காணலாம். முதலாவது, சிக்மண்ட், ஸ்னெய்த் ஆகியோர் 1983இல் வெளியிட்ட மருத்துவமனைப் பதற்ற மனச்சோர்வு அளவுகோல். இதில் 14 வினாக்கள் உள்ளன. ஏழு பதற்றத்திற்கும் ஏழு மனச்சோர்விற்கும் உரியன. உடல்நோயால் வரும் அறிகுறிகள் குழப்பாதிருக்கும் பொருட்டுப் பசி, உறக்கம் முதலியன பற்றிய வினாக்கள் இதில் தவிர்க்கப்பட்டன. இரண்டாவது, துயர் வெப்பமானி. கடந்த ஒரு வாரத்தில் பட்ட துயரை 0 முதல் 10 வரையுள்ள அளவில் நோயாளியே குறிப்பார். 4 அல்லது அதற்கு மேல் குறிப்பவரிடம் விரிவாகப் பேச வேண்டும் என்பது நெறி. குடும்பம், பணம், உடல், உள்ளம், சமயம் சார்ந்த இடர்களின் பட்டியலும் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கும்.

இக்கருவிகளைத் தமிழாக்குவதில் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பிழையான விடைக்கு வழிவகுக்கும். முதலாவது அளவுகோலின் பதற்றப் பகுதியில், வயிற்றினுள் பட்டாம்பூச்சி பறப்பது போன்ற அச்சவுணர்வு உண்டா என்னும் பொருளில் ஒரு வினா உள்ளது. ஆங்கிலத்தில் அது நடுக்கத்தைக் குறிக்கும் மரபுத்தொடர். இன்றைய தமிழில், குறிப்பாகத் திரைப்படச் செல்வாக்கினால், பட்டாம்பூச்சி காதலையும் களிப்பையும் நினைவூட்டும். அச்சத்தால் வயிறு கலங்குவதைத் தமிழர் 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்பர். பெயர்ப்பாளர் பட்டாம்பூச்சியைத் தேர்ந்தால் நோயாளி வினாவையே புரிந்துகொள்ளார். புளியைத் தேர்ந்தால் விடை கிடைக்கும்.

'சோர்வு' என்னும் சொல்லும் இத்தகையதே. 'சோர்வாக இருக்கிறதா?' என்று கேட்டால் கீமோதெரபி பெறும் எவரும் ஆம் என்பர். அது உடல் அயர்ச்சியா மனச்சோர்வா என்பதை அவ்விடை காட்டாது. 'மன அழுத்தம்' என்னும் சொல் இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் சில இடங்களில் பணிநெருக்கடியையும் சில இடங்களில் மனச்சோர்வு நோயையும் குறித்து வழங்குகின்றது. மருத்துவர் ஒன்றைக் கருதி வினவ, நோயாளி மற்றொன்றைக் கருதி விடை தருவார்.

கல்லூரி கண்டவர்க்கும் எழுத்தறியாதவர்க்கும் விளங்கும் வினாக்கள் பேச்சு வழக்கிலேயே உள்ளன. 'மனசு எப்படி இருக்குது?', 'ராத்திரி படுத்தா என்ன நினைப்பு ஓடுது?', 'முன்னாடி ஆசையா செஞ்சது எதையாவது இப்பவும் செய்யணும்னு தோணுதா?' என்பன அத்தகையவை. இவற்றோடு இளிவரலைக் கேட்டறியும் வினா ஒன்றும் சேர்க்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முன்மொழிவு. 'வீட்டுல இருக்குறவங்களுக்குச் சிரமம் கொடுக்குறோமேன்னு நினைப்பு வருதா?' என்பது அதன் எளிய வடிவமாக அமையலாம். இவ்வினா முறையான கருவியாக வேண்டுமெனின், மக்களிடையே சோதித்து அதன் நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் நிறுவப்பட வேண்டும். தமிழ்த்துறையும் உளவியல் துறையும் இணைந்து செய்தற்குரிய பணி அது.

5. மறைத்தலும் சொல்லுதலும்

'அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தெரிஞ்சா தாங்க மாட்டார்' என்னும் வேண்டுகோள் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்குப் பழக்கமானது. அன்பினால் எழும் இவ்வேண்டுகோளின் விளைவு சில வேளைகளில் அன்பிற்கு மாறாக அமைகின்றது. கதிர்வீச்சுப் பிரிவின் பெயர்ப்பலகையைக் கண்டும், உடன் காத்திருப்போரின் பேச்சைக் கேட்டும் நோயாளி தம் நோயை உய்த்துணர்கின்றார். உணர்ந்ததை வீட்டாரிடம் கேட்டால் அவர்கள் வருந்துவர் எனத் தாமும் மறைக்கின்றார். ஒருவரையொருவர் காக்கும் பொருட்டு இருதரப்பும் பேச்சை அடைத்துக்கொள்கின்றன. தம்மைப் பற்றிய முடிவுகளில் தமக்கு இடமில்லை என்பதை உணரும்போது இளிவரல் மேலும் முற்றுகின்றது.

இது நம் பண்பாட்டின் இயல்பு, மேலைநாட்டு முறை இங்குப் பொருந்தாது என்பர் சிலர். வரலாறு இதனை முழுவதும் ஏற்கவில்லை. 1961இல் டொனால்ட் ஓக்கன் அமெரிக்க மருத்துவர்களிடையே நிகழ்த்திய ஆய்வில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979இல் நோவாக் முதலானோர் மீண்டும் வினவியபோது 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினர். சிகிச்சையின் பயன் பெருகியதும் நோயாளியின் உரிமை பற்றிய எண்ணம் வலுப்பெற்றதும் பதினெட்டு ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றத்திற்குத் துணைநின்றன. ஆகவே மறைத்தல் எந்தப் பண்பாட்டிற்கும் நிலையான இயல்பு அன்று.

அதேவேளையில், கேட்க விரும்பாதவரிடம் அனைத்தையும் கொட்டிவிடுவதும் பேணல் ஆகாது. பெய்ல், பக்மன் முதலானோர் 2000இல் வெளியிட்ட ஆறுபடி முறை இதற்கு நடுவழி காட்டுகின்றது. தனிமையான சூழலை அமைத்தல், நோயாளி ஏற்கெனவே புரிந்துகொண்டுள்ளதை அறிதல், அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் எனக் கேட்டல், செய்தியை எளிய சொற்களில் சிறிது சிறிதாகக் கூறுதல், எழும் உணர்ச்சிக்கு இடங்கொடுத்தல், அடுத்துச் செய்ய வேண்டியதைத் தொகுத்துரைத்தல் என்பன அப்படிகள். இவற்றுள் தமிழ்க் குடும்பச் சூழலுக்கு மிகவும் உகந்தது மூன்றாம் படி. 'உங்க உடம்பைப் பத்தி நேரா உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல மகன்கிட்ட பேசட்டுமா?' என்று நோயாளியையே கேட்கலாம். மகனிடம் பேசுங்கள் என்று அவர் கூறினால் அதுவும் அவர் எடுத்த முடிவே. முடிவு அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை.

6. 'தைரியமாக இருங்கள்' என்னும் அறிவுரை

நோயாளியைக் காண வருவோர் தவறாது கூறுவது 'தைரியமா இருங்க, மனசு திடமா இருந்தா நோய் பறந்துடும்' என்பது. நல்லெண்ணத்தில் பிறக்கும் இச்சொல் நோயாளியின் தோளில் ஒரு கடமையை ஏற்றிவிடுகின்றது. நோய் மீண்டும் தலைதூக்கினால் தம் மனத்திடம் போதவில்லை என்று அவர் தம்மையே பழித்துக்கொள்கின்றார். ஹாலந்து இதனை நேர்மறைச் சிந்தனையின் கொடுங்கோன்மை என்று சுட்டினார்.

ஆய்வுகளும் இதனைத் தெளிவாக்குகின்றன. வாட்சன் முதலானோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயுற்ற 578 பெண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கியது. போராடும் மனப்பாங்கு உடையோர் கூடுதல் காலம் வாழ்ந்தனர் என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. மிகுந்த நம்பிக்கையிழப்பு பாதகமான விளைவோடு தொடர்புற்றிருந்தது. குழு உளச்சிகிச்சை ஆயுளை நீட்டிக்கின்றது என்று 1989இல் டேவிட் ஸ்பீகல் முதலானோர் கண்ட முடிவும், 235 பெண்களைக் கொண்டு 2001இல் குட்வின் முதலானோர் நிகழ்த்திய ஆய்வில் உறுதிப்படவில்லை. ஆயினும் அக்குழுவில் பங்கேற்றோரின் மனத்துயர் குறைந்தது; வலியுணர்வும் தணிந்தது.

இவற்றிலிருந்து பெறப்படுவது, உளநலப் பேணலின் பயனை ஆயுட்கணக்கால் மட்டும் அளத்தல் கூடாது என்பதே. துயர் குறைதலே தன்னளவில் ஒரு பயன். அழுவதற்கு உரிமையுண்டு என்று அறியும் நோயாளி பல வேளைகளில் தைரியம் சொல்லப்பட்ட நோயாளியைவிட ஆறுதல் அடைகின்றார்.

7. பேணும் முறைகள்

துயரின் அளவிற்கேற்பப் படிப்படியாக உதவுவதே இன்றைய நெறி. சிகிச்சை குறித்த தெளிவான விளக்கமும் காதுகொடுத்துக் கேட்டலும் அனைவருக்கும் உரியன. துயர் மிகுந்தோர்க்கு உளவியல் ஆலோசனையும், எண்ணமும் நடத்தையும் சார்ந்த உளச்சிகிச்சையும், குழுச் சந்திப்புகளும் பயன்படும். கடுமையான மனச்சோர்வுடையோர்க்கு உளமருத்துவரின் சிகிச்சையும் மருந்தும் தேவை. மருந்தைத் தேர்வதில் எச்சரிக்கை வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிபென் உட்கொள்வோருக்குப் பராக்சிடின், புளுவாக்சிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஏற்றவை அல்ல. தமாக்சிபெனைச் செயல்வடிவாக மாற்றும் கல்லீரல் நொதியை இவை தடுக்கின்றன. ஆதலால் உளமருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒருவர் எழுதித்தரும் மருந்தை மற்றவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இளிவரலுக்கு நேரடியாக மருந்தாக அமைவது, மேலே சுட்டிய சோச்சினோவ் 2005இல் வெளியிட்ட மாண்புச் சிகிச்சை. வாழ்வில் தாம் ஆற்றிய கடமைகளுள் முதன்மையானவை எவை, பெருமைகொள்வன எவை, அன்பிற்குரியோர் தம்மைப் பற்றி நினைவிற்கொள்ள வேண்டுவன எவை, அவர்களுக்குக் கூற விரும்புவன எவை என்பன நோயாளியிடம் வினவப்படும். அவ்வுரையாடல் பதிவுசெய்யப்பட்டு, எழுத்தாக்கப்பட்டு, செம்மைப்படுத்தப்பட்டு அவரிடமே அளிக்கப்படும். அதனை அவர் தம் குடும்பத்திற்கு விட்டுச்செல்லலாம். 441 நோயாளிகளைக் கொண்டு 2011இல் வெளியான ஒப்பீட்டாய்வில் துயர் அளவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனினும் தம் மாண்புணர்வு உயர்ந்தது, குடும்பத்திற்கு இது உதவும் என்று கூறியோர் மாண்புச் சிகிச்சை பெற்றோரிடையே மிகுதியாக இருந்தனர். பெருமிதமும் மெய்ப்பாடுகளுள் ஒன்று என்பதை இங்கு நினைவுகூரலாம். இளிவரலில் இருப்பவரிடம் அவருடைய பெருமிதத்தைப் பற்றிக் கேட்பதே இம்முறையின் உட்கருத்து.

நோய் ஆதரவுச் சிகிச்சையை இறுதி நாள்களுக்கென ஒதுக்கிவைத்தலும் தவறு. டெமெல் முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் பரவிய நுரையீரல் புற்றுநோயுற்ற 151 பேர் இடம்பெற்றனர். தொடக்கம் முதலே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றோருள் 16 விழுக்காட்டினருக்கும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 38 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு அறிகுறிகள் காணப்பட்டன. முன்னவரின் சராசரி வாழ்நாளும் சில மாதங்கள் கூடியிருந்தது.

'போய்ச் சேர்ந்தால் நல்லது' என்று ஒருவர் கூறும்போது அதனை வழக்கமான சலிப்பு என்று கடந்துவிடல் ஆகாது. 'உயிரை மாய்ச்சுக்கலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆம் எனின் அவரைத் தனியே விடாது, உடனே உளமருத்துவ உதவியைப் பெற வேண்டும்.

8. அருகிருந்து பேணுவோர்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கையில் நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிசெய்பவரையும் சேர்க்கின்றது. 'உழைச்செல்வான்' எனக் குறிக்கப்படும் இவர் இன்றைய தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கின்றார். நோயாளியின் மருந்துக் கணக்கு இவருக்குத் தெரியும். இவருடைய உறக்கக் கணக்கு எவருக்கும் தெரியாது. தம் வலியைப் பற்றிப் பேசுவது நோயுற்றவருக்கு இழைக்கும் தவறு என்று எண்ணி இவர் அடக்கிக்கொள்கின்றார்.

மெய்ப்பாடுகளைத் தன்கண் தோன்றுவன, பிறன்கண் தோன்றுவன என உரையாசிரியர்கள் பகுத்து விளக்குவர். அழுகையும் இளிவரலும் பிறர் நிலை கண்டும் பிறக்கும் என்பதே அதன் கருத்து. பேணுவோரின் துயரை இப்பகுப்பு நன்கு விளக்குகின்றது. ஆகவே மருத்துவமனைச் சந்திப்பின்போது நோயாளியிடம் கேட்கும் வினாவைப் பேணுபவரிடமும் தனியே கேட்பது நலம் பயக்கும். வாரத்தில் ஓரிரு நாள் அவருக்கு ஓய்வு கிடைக்கும்படி உறவினர் முறைவைத்துத் துணைநிற்பதும் சிகிச்சையின் பகுதியே.

9. தமிழ்நாட்டில் உள்ள வாய்ப்புகள்

தமிழ்நாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வலுவான மரபு உண்டு. மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்டு, மருத்துவர்கள் எஸ். கிருஷ்ணமூர்த்தி, வி. சாந்தா ஆகியோரால் வளர்க்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் உளப் புற்றுநோயியலுக்குத் தனித்துறை இயங்குகின்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நோய் ஆதரவுச் சிகிச்சையை வீட்டு வாயிலுக்குக் கொண்டு செல்கின்றது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தேசிய உளநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பெறலாம்.

நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு வெளியே, மாவட்ட நோயாளியின் வீட்டிற்குச் செல்லும் செவிலியரும் களப்பணியாளருமே உளத்துயரை முதலில் காண்போர். அவர்களுக்கு நீண்ட வினாப்பட்டியல் பயன்படாது. நோயாளியின் வட்டார வழக்கில் அமைந்த நான்கைந்து வினாக்களும், விடை கவலைக்குரியதாயின் யாரிடம் தெரிவிப்பது என்னும் தெளிவுமே போதும். கொங்கு நாட்டிலும் நெல்லையிலும் வடமாவட்டங்களிலும் உளத்துயரைச் சொல்லும் சொற்களைத் தொகுப்பது தமிழாய்வாளர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க களப்பணி. இத்தகைய சொல்தொகுப்பு மொழியியலுக்கும் பயன்படும். ஒரு செவிலியரின் கையேடாகவும் மாறும்.

முடிவுரை

புற்றுநோயாளியின் உளத்துயர் அச்சம் என்னும் ஒற்றைச் சொல்லுள் அடங்குவதன்று. தாழ்ந்தோம், சுமையானோம் என்னும் இளிவரல் அதன் பெரும்பகுதியாக அமையக்கூடும். அச்சத்தைத் தேடும் வினா அதனைக் காணாது. நோயை மறைத்தலும், தைரியத்தைக் கடமையாக்குதலும் அவ்வுணர்வைப் பெருக்குகின்றன. உரிய சொல்லில் கேட்டலும், முடிவெடுப்பதில் இடங்கொடுத்தலும், வாழ்ந்த வாழ்வின் பெருமிதத்தைப் பேசவிடுதலும் அதனைத் தணிக்கின்றன. கருவிகளைத் தமிழாக்குவோர் ஆங்கிலத் தொடர்க்கு நேர்த்தமிழ் தேடுவதை விடுத்து, தமிழர் தம் துயரை எச்சொல்லால் சொல்கின்றனர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மெய்ப்பாட்டியலை வகுப்பறையில் கற்பிப்போரும் கற்போரும் மருத்துவமனைக்கு அளிக்கக்கூடிய கொடை இதுவாகும்.